பதினாலாம் மிஷினுக்குக் கீழே

டைபாய்டில் இருபது நாள் படுத்துக் கிடந்துவிட்டு ரயிலக்கா வேலைக்குத் திரும்பினாள். உள்ளே நுழைந்ததும் அவள் கண் போனது சுவரில் மாட்டியிருந்த போர்டுக்குத்தான். முந்தின நாள் அதிகம் தைத்தவர் யார் என்று அதில் எழுதுவார்கள். பதினொரு வருஷமாக அங்கே அவள் பெயர்தான். உட்கார்ந்தால் ரயில் மாதிரி நிற்காமல் தைப்பாள் என்பதால் வந்த பட்டப்பெயர் அது. வெளிநாட்டுக் குழந்தைகள் போடுகிற கவுனை அவள் அளவுக்கு வேகமாக யாரும் தைத்ததில்லை.

போர்டில் வேறு பெயர் இருந்தது.

"யாருடி இவ?"

"புதுசு. பதினாலாம் மிஷின்," என்றாள் பக்கத்து மிஷின்காரி. "நீங்க போட்டதவிட அறுபது பீஸ் கூடவாம். அடுத்த சூப்பர்வைசர் அவதான்னு பேசிக்கிறாங்க."

அந்த சூப்பர்வைசர் வேலைக்காகத்தான் ரயிலக்கா இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டு முதுகொடிய உழைத்தாள். வீட்டில் அவளும் ஒன்பது வயசு மகளும் மட்டும்தான். அந்த வேலை கிடைத்தால் பிள்ளையை நல்ல பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாம். நேற்று வந்தவள் அதைத் தட்டிக்கொண்டு போவதா?

பதினாலாம் மிஷின் குடோன் சுவரை ஒட்டி, மூலையில் இருந்தது. அங்கே யாரும் உட்காரமாட்டார்கள். காற்று வராது என்று காரணம் சொல்வார்கள். புதுசு அங்கே தலை குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். ஒல்லிப் பெண். அப்படியொன்றும் வேகம் இல்லை. ஆனால் ஒரு தடவைகூடக் கட்டரைத் தொடவில்லை. தைத்து முடித்ததும் தொங்குகிற பிசிறு நூலைக் கட்டரால் வெட்டித்தான் ஆகவேண்டும். தையல்காரிக்குப் பாதி நேரம் அதிலேயே போய்விடும். இவளோ துணியைக் கீழே தள்ளிவிட்டு அடுத்ததை எடுத்தாள். கீழே விழுந்த கவுனில் ஒரு பிசிறு இல்லை.

ரயிலக்கா ஊசியைத் தேடுகிற சாக்கில் குனிந்தாள்.

மிஷினுக்குக் கீழே இருட்டாக இருந்தது. அந்த இருட்டில் இரண்டு சின்னக் கைகள் தெரிந்தன.

நறுக். நறுக். நறுக்.

அடிப்பாவி, பிள்ளையை வைத்தா வேலை வாங்குகிறாய் என்று ரயிலக்காவுக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். இந்த கம்பெனியில் சின்னப் பிள்ளைகள் வேலை செய்வதாக வெளிநாட்டுப் பத்திரிகையில் எழுதிவிட்டார்கள். அதைச் சோதித்துப் பார்க்கத் துணி வாங்குகிற கம்பெனியிலிருந்து அன்றைக்குத்தான் ஆடிட் வந்திருந்தது. ஆடிட்டர் அம்மா அந்தப் பக்கம் நடந்து வந்தபோது ரயிலக்கா மெதுவாக, "பதினாலுக்குக் கீழ பாருங்க மேடம்," என்று போட்டுக் கொடுத்தாள்.

ஆடிட்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். மண்டி போட்டும் பார்த்தார். கீழே தரை இருந்தது, கொஞ்சம் நூல் கிடந்தது.

"உனக்குக் காய்ச்சல் இன்னும் விடல போல," என்று மேனேஜர் பல்லைக் கடித்தார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் புதுசே தேடி வந்தாள். கோபப்படவில்லை.

"அக்கா, அது எல்லார் கண்ணுக்கும் தெரியாது. நான் கூப்பிடல, இடம் காலியா இருக்கேன்னு உக்காந்தேன், தானா வந்துச்சு. எனக்குப் புள்ளகுட்டி இல்ல, அதனால என்னை விட்டு வச்சிருக்கு. உங்க வீட்ல பொண்ணு இருக்கு. தயவுசெஞ்சு கிட்ட போகாதீங்க."

ரயிலக்காவுக்குப் பயம் வந்தது உண்மைதான். ஆனால் பொறாமை பயத்தை விடப் பெரிசாக இருந்தது. பேய் என்றால் என்ன? இவளுக்கு உழைக்கிற பேய் எனக்கு உழைக்காதா? தனக்கே வச்சுக்கலாம்னு பாக்கறா, கள்ளி.

எல்லோரும் கை கழுவப் போனபோது அவள் பதினாலாம் மிஷின் அருகே போய்க் குனிந்தாள். பூட்டிக் கிடந்த துணியின் புழுங்கல் வாடை முகத்தில் அடித்தது.

"கண்ணு, அவகிட்ட என்ன இருக்கு? என்கிட்ட வந்துடு. எம் பொண்ணு மாதிரி வச்சுக்கறேன்."

கீழே கேட்டுக்கொண்டிருந்த கட்டர் சத்தம் நின்றது.

"நெஜமாவா?" என்றது ஒரு குரல்.

"நெஜமா."

அன்று மத்தியானம் ரயிலக்காவின் காலடியில் நறுக், நறுக் என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. முழங்காலில் பட்ட கை ஐஸ் மாதிரி இருந்தது. அவள் குனிந்து பார்க்கவில்லை, தைத்தாள். மணி அடித்தபோது புதுசைவிட நூறு பீஸ் கூட.

"காலைல உளறினதை மறந்துட்டேன். நாளைலேர்ந்து நீதாம்மா சூப்பர்வைசர்," என்றார் மேனேஜர்.

அவர் நகர்ந்ததும் கீழேயிருந்து இரண்டு கைகள் நீண்டன. அவள் மடியில் கட்டரை வைத்தன.

ஒரு கட்டர் இல்லை, இரண்டு.

ரயிலக்கா இரண்டையும் உற்றுப் பார்த்தாள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் இங்கே நிஜமாகவே பிள்ளைகள் இருந்தார்கள், பத்துப் பேர். பிசிறு வெட்டுகிற வேலை. ஆடிட் வந்தால் அவர்களைக் குடோனில் துணி ரோல்களுக்குப் பின்னால் உட்கார வைத்துப் பூட்டுவாள் ரயிலக்கா. அங்கேயும் வேலை நிற்காது, ஆளுக்கொரு கட்டர் கையில் இருக்கும். வெளியே விடும்போது வாசலில் கட்டரைத் திருப்பி வாங்கிக்கொள்வாள். கவுனுக்குள் ஒரு துண்டு இரும்பு போனாலும் மொத்தச் சரக்கும் திரும்பி வந்துவிடும், அந்த பயம். அதனால் கம்பெனியில் யாரும் தலையை எண்ணமாட்டார்கள், கட்டரைத்தான் எண்ணுவார்கள். அன்றைக்கும் பத்துக் கட்டர் சரியாக வந்தது. பூட்டிவிட்டுப் போனாள். அசந்து தூங்கிப்போன தோழியின் கட்டரையும் சேர்த்து ஒரு பிள்ளை இரண்டாகக் கொடுத்ததை அவள் கவனிக்கவில்லை. அடுத்து நாலு நாள் லீவு. நல்ல கோடை. அதற்கப்புறம்தான் மற்றப் பிள்ளைகளை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

பூட்டிய குடோனுக்குள்ளேயே உயிரை விட்ட அந்தப் பிள்ளைக்கு ஒன்பது வயது.

ரயிலக்கா வீட்டுக்கு ஓடினாள். வெளிச்சம் இன்னும் இருந்தது. கதவு திறந்திருந்தது. மகள் கண்ணாடி முன்னால் நின்றாள், கழித்துப் போட்ட பீஸ் என்று போன மாதம் கொண்டு வந்த கவுனைப் போட்டுக்கொண்டு. தடவித் தடவிப் பார்த்தாள்.

"நல்லா இருக்காம்மா? இவ்வளவு தச்சாங்க, ஒண்ணுகூடப் போட்டுப் பாக்க விட்டதில்ல."

ரயிலக்கா அவள் கையைப் பிடித்தாள். ஐஸ் மாதிரி இருந்தது. கட்டை விரலில் கட்டர் பிடித்துக் காய்த்த தழும்பு.

"எம் பொண்ணு எங்க?" என்று ரயிலக்கா அவளைப் பிடித்து உலுக்கினாள்.

பிள்ளை சிரித்தது. அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டது. பிடியை விடவேயில்லை.

பத்து நாள் கழித்துப் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். டீச்சர் நோட்டை நீட்டினார். பக்கம் முழுக்கக் கிறுக்கல்.

"பத்து நாள் முன்னாடி வரைக்கும் வகுப்பிலயே முதல்ல வந்துட்டிருந்தா. இப்போ பேர்கூட எழுதத் தெரியல. ஆனா ஒண்ணும்மா, இவ்வளவு ஆசையா பள்ளிக்கூடம் வர்ற பிள்ளையை நான் பாத்ததில்ல."

ரயிலக்கா இப்போது சூப்பர்வைசர். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கட்டிலுக்குக் கீழே விளக்கைப் பிடித்துப் பார்க்கிறாள். தினமும் பார்க்கிறாள். வெறும் தரைதான். விளக்கை அணைத்ததும் அங்கேயிருந்து அவள் மகளின் குரல் ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லத் தொடங்குகிறது, மறந்துவிடக் கூடாது என்று திரும்பத் திரும்ப.