அப்பா, இருக்கீங்களா?

"அப்பா, இருக்கீங்களா?" என்று அடுத்த அறையிலிருந்து ஒரு முறை கேட்ட மகள், இரண்டாவது முறை கேட்கவில்லை.

வழக்கமாக மூன்று முறை கேட்பாள். பதில் வராது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு தானே படுத்துவிடுவாள். "உங்களுக்கெல்லாம் மெயில் போட்டாத்தான் திரும்பிப் பார்ப்பீங்க" என்று மனைவி கிண்டல் செய்தும் அவன் காதில் போட்டுக்கொண்டதில்லை. இன்று ஒரே முறையில் அடங்கிவிட்டாள். அப்பாடா என்றிருந்தது.

மனைவி நர்ஸ், மாலை ஷிஃப்டுக்குப் போயிருந்தாள். அவள் குழந்தைகளுக்குக் கதை சொல்லிப் பதிவுசெய்து வைத்த சின்ன இணையதளத்தை அவன்தான் பார்த்துக்கொண்டான். பிள்ளைகள் படுக்கும் நேரத்தில் எல்லோரும் ஒன்றாக வந்து மொய்க்க, ஒற்றை சர்வர் படுத்துவிடும். அதனால் இன்று இன்னொரு சர்வரைச் சேர்த்து, இரண்டுக்கும் முன்னால் ஒரு லோட் பேலன்சரை வைத்தான். வருகிறவர்களை இரண்டு பக்கமும் பிரித்து அனுப்புவது அதன் வேலை. அடிக்கடி ஒவ்வொரு சர்வரையும் 'இருக்கிறாயா?' என்று கேட்கும். மூன்று முறை பதில் இல்லையென்றால் அதை ஒதுக்கிவிட்டு, எல்லோரையும் மற்றதிடம் அனுப்பிவிடும்.

சோதித்துப் பார்க்கப் பழைய சர்வரை அணைத்தான். திரையில் அதன் பச்சைப் புள்ளி சிவப்பானது. தளத்தில் கதை தடங்கலில்லாமல் ஓடியது. ஒன்று போனது யாருக்குமே தெரியவில்லை. தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டான்.

அப்போதுதான், ஜன்னல் கண்ணாடியில் வழியும் மழைக்கும், மேஜைக்கடியில் சூடேறிய தூசி வாசனையைக் கிளப்பிக்கொண்டு சுற்றும் சர்வரின் சிறு விசிறிக்கும் இடையே, சுவருக்கு அப்பால் யாரோ தணிந்த குரலில் பேசுவது வெகுநேரமாகக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது என்று உறைத்தது.

மனைவியின் பதிவைத்தான் மகள் போட்டுக் கேட்கிறாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். ஆனால் அது ஆண் குரல். குளத்தைத் தேடிப் போன ஆமையின் கதை. மகள் கலகலவென்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அவன் கேட்டதே இல்லை.

அந்தக் குரல் லேசாக இருமியது.

அவனுடைய இருமல்.

"பாப்பா!"

கதை நிற்கவில்லை. நடைக்கு ஓடினான். மகளின் கதவடியில் ஒரு கோடு வெளிச்சம். கதவைத் தட்டினான். சத்தம் எழவில்லை. ஓங்கித் தட்டினான். இல்லை.

வாசல் கதவு திறந்தது. நனைந்த குடையோடு மனைவி.

"ஏம்மா, இங்க பாரு, உள்ள யாரோ..."

அவள் அவனைத் தாண்டிப் போனாள். அவன் அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஆளே இல்லாத ரூம்ல லைட்டு."

அணைத்தாள். மகளின் கதவைத் திறந்தாள்.

"தூங்கிட்டாளா?"

"இப்பத்தான் கண்ண மூடினா."

கட்டிலோரம் அவனுடைய சட்டையில் ஒருவன். அவனுடைய முகம். மகளின் பிஞ்சுக் கை அந்தச் சட்டையை இறுகப் பற்றியிருந்தது. மனைவியின் தோளுக்கு மேலாக, அது மட்டும் அவனைப் பார்த்தது.

மகள் தூக்கத்தில் முனகினாள்.

"அப்பா, இருக்கீங்களா?"

"இருக்கேன்டா" என்று கத்தினான். உள்ளேயும் அதே வார்த்தை, மெதுவாக.

ஒரு குரல்தான் கேட்டது.

மகள் புன்னகைத்தாள். கதவு சாத்திக்கொண்டது.