கலக்காத தண்ணீர்

மேலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்த இரண்டு போத்தல் கடல்நீரையும் ஒரே குடுவையில் ஊற்றி அருந்ததி நன்றாகக் குலுக்கினாள். மேசையில் வைத்ததும் அது மறுபடி இரண்டாகப் பிரிந்து நின்றது. மேலே தெளிவு, கீழே கலங்கல், நடுவே ஒரு நேர்க்கோடு.

ஜெலுத்தோங் கரையோர மீன் பண்ணையில் தண்ணீர் சோதிப்பது அவள் வேலை. மழைக்காற்று தொடங்கினால் கடலின் மேல்நீரும் அடிநீரும் புரண்டு கலக்கும். அடியில் கிடக்கும் சத்து மேலே வந்து, கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்கள் பெருகும். வருடா வருடம் மேல்நீர் சூடேற, கலப்பும் தள்ளிக்கொண்டே போனது. இந்தத் தொண்ணூற்றேழில் டிசம்பரே முடியப்போகிறது, இன்னும் கலக்கவில்லை. காலையில் மேலே முப்பத்து மூன்று டிகிரி, கீழே இருபத்தாறு. நுண்ணோக்கியில் ஓர் உயிர்கூட நெளியவில்லை.

கருவிதான் கெட்டுவிட்டது என்று அப்போது முடிவு கட்டினாள். ஒன்பது வருட அனுபவசாலி அல்லவா! போன வருடக் கணக்கை நம்பித் துறையில் பச்சைக் கொடியை ஏற்றிவிட்டாள். கலந்த பிறகுதான் அந்தக் கொடி ஏறும். அதைப் பார்த்துத்தான் முக்குளிப்பவர்கள் வலை கழுவ இறங்குவார்கள். இன்று இறங்கியவன் அவள் புருஷன் ஐயாத்துரை.

கருவி சரியாகத்தான் காட்டியிருக்கிறது. குடுவையை விட்டுவிட்டு ஓடினாள்.

துறையில் காற்று ஆளைத் தள்ளியது, எதிர்க்கரையில் பிறை ஊரின் ஆலைப் புகைபோக்கிகளில் புகை சாய்ந்து ஓடியது, படகுகளின் தார்ப்பாய்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. ஆனால் கடலில் ஒரு சுருக்கம் இல்லை, தூண்களில் தண்ணீர் மோதும் சத்தம் இல்லை, என்றைக்கும் மூக்கைத் துளைக்கும் பாசி வாடைகூட இல்லை. கூண்டுகளுக்குப் போகும் பலகையில் இறங்கினாள்.

படகோட்டி சீனி முகம்மது மீன் கூண்டின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

"அவர் எங்கண்ணே?"

"இறங்குறப்போ நல்லாத்தான் இருந்துச்சு தங்கச்சி. அப்புறம் தண்ணி மூடிக்கிச்சுலா. நானும் குதிச்சுப் பார்த்தேன்... உள்ள போக முடியல."

அவர் நெற்றியில் ரத்தம். சட்டையில் ஈரமே இல்லை.

அருந்ததி மண்டியிட்டுத் தண்ணீரைத் தொட்டாள். வெதுவெதுப்பு. கை நனையவில்லை. அழுத்தினாள். குத்தினாள். துடுப்பால் அடித்தாள். துடுப்பு முறிந்தது.

நான்தான் அனுப்பினேன். நான்தான்.

கீழே கலங்கலில் ஏதோ வெளுப்பாக ஏறி வந்தது.

ஐயாத்துரை.

வாய் திறந்திருந்தது. குமிழி இல்லை. நீர்மேல் ஊன்றிய அவள் உள்ளங்கைக்கு நேர்கீழே அவன் உள்ளங்கை வந்து ஒட்டியது. தட்டியது. சத்தம் வரவில்லை. மறுபடி தட்டியது.

நின்றது.

விரித்த ஐந்து விரலும் அப்படியே ஒட்டியிருந்தன. அவற்றைச் சுற்றிலும், பண்ணை மீன்கள் ஆயிரக்கணக்கில், திறந்த வாயோடு மேலே முட்டிக்கொண்டிருந்தன.