பால்வெள்ளைப் பூச்சு

சூளையிலிருந்து எடுத்து மூன்று நாள் ஆகியும் கிண்ணங்கள் சத்தம் போடுவதை நிறுத்தவில்லை. சூடு ஆறும்போது மேற்பூச்சு நுணுக்கமாக விரிசல் விட்டு டிங், டிங்கென்று சிணுங்குவது வழக்கம்தான். அரை நாளில் அடங்கிவிடும். இவையோ ஆறிச் சில்லிட்ட பிறகும், பால்பல்லில் கரண்டி இடிப்பதைப் போல, விட்டுவிட்டு ஒலித்துக்கொண்டிருந்தன. சாஃப்டா அலமாரியின் மேல் ஒரு போர்வையைப் போர்த்திவிட்டு வந்தாள். அதன் அடியிலும் கேட்டது.

மறுநாள் மகள் அனிகா இறந்த நாற்பதாம் நாள். ருமேனியாவின் அந்த ஒல்டேனிய மலையூரில், இறந்தவர் பேரால் அன்று புதுக் கிண்ணத்தில் சாப்பாடு தானம் கொடுப்பார்கள். வாங்குகிறவர் தின்பது மண்ணுக்குள் இருப்பவருக்குப் போய்ச் சேரும். குழந்தை போனால் குழந்தைக்குத்தான் கொடுக்க வேண்டும்.

ஏழு வயது அனிகாவைக் கொன்றது சாஃப்டாவின் பூச்சு. சந்தையில் எவரிடமும் இல்லாத பச்சை வேண்டுமென்று, ஈயத்தைச் சுட்டுப் பொடித்துச் செம்புத் துகளோடு கலந்து அவளே கண்டுபிடித்தது. முதல் கிண்ணத்தை ஆசையாக மகளுக்குக் கொடுத்தாள். ஊற்றிய புளித்த பால் அந்தப் பச்சையைத் துளித்துளியாகக் கரைத்தது. கரைந்த ஈயம் இனித்தது.

"பாலு தீந்தாலும் கிண்ணம் இனிக்குதும்மா" என்று பிள்ளை குளிர்காலம் முழுக்க அதை நக்கினாள். வயிற்றுவலி வந்தது. ஈறோரம் பென்சிலால் இழுத்தாற்போல் ஒரு நீலக் கோடு. பிறகு வலிப்பு.

அந்தப் பச்சையை உடைக்க சாஃப்டாவுக்குக் கை வரவில்லை. இனி யார் வாயும் அதில் படக்கூடாதென்று சவப்பெட்டியில், மகளின் கைகளுக்கிடையே வைத்து மூடிவிட்டாள்.

தானத்துக்குச் செய்த இந்தக் கிண்ணங்களுக்கு வேறு பூச்சு. பிளம் மரச் சாம்பல், வெள்ளைக்கல் பொடி, களிமண். ஈயம் ஒரு சிட்டிகைகூட இல்லை. நான்கு முறை சுட்டுக் கெட்டு, ஐந்தாம் முறை வந்த பால்வெள்ளை.

நாத்தனார் துமித்ரா படையலுக்குக் கோதுமை கிளறிக்கொண்டே சிரித்தாள்.

"உங்க கிண்ணத்துல எவ அண்ணி தன் புள்ளைய தின்ன விடுவா?"

"இதுல ஈயம் இல்ல துமித்ரா."

"அன்னைக்கும் நல்ல பூச்சுன்னுதான சொன்னீங்க. அவ்ளோ நம்பிக்கைன்னா உங்க சின்னவ வேதாவுக்கே குடுங்க. இல்லாட்டி மூத்தவ அங்க பட்டினி கெடக்கட்டும்."

மறுநாள் பாதிரியார் வந்தார், ஊர் வந்தது. ஒரு குழந்தைகூட வரவில்லை. எல்லாரும் சாஃப்டாவையே பார்த்தார்கள். அவளுக்கு மிஞ்சியிருந்தது ஐந்து வயது வேதா ஒருத்திதான். வெள்ளைக் கிண்ணத்தில் புளித்த பாலை ஊற்றி நீட்டினாள்.

"அனிகா பேரால."

"கடவுள் மன்னிக்கட்டும்." வாங்குகிறவர் சொல்ல வேண்டியதை வேதா சரியாகச் சொன்னாள்.

முதல் வாய் உள்ளே போனதும் அலமாரியில் சத்தம் நின்றது.

மாலையில் கூட்டம் கலைந்தது. மூடுபனி ஜன்னல்வரை வந்துவிட்டது. வேதாவைக் காணோம். பட்டறைப் பக்கம் சொரசொரவென்று ஒரு சத்தம், பூனை தட்டை நக்குவதுபோல. சாஃப்டா கதவைத் தள்ளினாள். புளித்த பால் வாடை. அதற்கு மேலே, புதிதாகத் தோண்டிய மண் வாடை.

குயவுச் சக்கரத்துக்குப் பின்னால் வேதா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி பண்ற?"

"இனிக்குதும்மா."

"அதுல இனிப்பு கெடையாதே."

"அதுல இல்ல. அக்காளோடதுல." வேதா திரும்பவில்லை. "அவளுக்கு வெள்ளை புடிச்சிருக்காம். மாத்திக்கிட்டோம்."

சாஃப்டா குனிந்தாள்.

பச்சை.

விளிம்பெல்லாம் ஈரமண். உள்ளே ஒட்டியிருந்த பாலில் இரண்டு நாக்குத் தடங்கள். ஒன்று சின்னது. ஒன்று அதைவிடக் கொஞ்சம் பெரியது.

வேதா திரும்பிச் சிரித்தாள். ஈறோரம் நீலம்.

தரைக்கடியில், வெகு ஆழத்தில், பால்பல்லில் கரண்டி இடித்தது. டிங். டிங்.