வெற்றலையில் வந்த குரல்

தென்கரைக் கடலுக்குப் போன எந்தப் படகும் பத்து வருடமாக வானொலியில் இரைச்சல் கேட்டதில்லை. இடி இடித்தாலும், கரை கண்ணுக்கு மறைந்தாலும், செய்தி வாசிப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல அலைவாங்கியில் குரல் தெளிவாக வரும். எல்லாம் ஒவ்வொரு அலைவாங்கிக்குள்ளும் இருந்த, அமலி ரோச் கண்டுபிடித்த 'பிழைதீர்ப்பான்' செய்த வேலை.

எண்களாக மாறிக் காற்றில் பயணம் செய்யும் ஒலியில், வழியில் சில எண்கள் தொலைந்துபோகும். கூடவே வரும் சரிபார்ப்பு எண்களை வைத்து அவற்றை மீட்பது பழைய முறை. அதற்கும் மீறித் தொலைந்தால், இதுவரை கேட்ட ஒலிபரப்புகளை நினைவில் வைத்து, அந்த இடத்தில் என்ன வந்திருக்கும் என்று ஊகித்து நிரப்பப் பிழைதீர்ப்பான் அறிந்திருந்தது. புயல் எச்சரிக்கை இரைச்சலில் கரைந்துபோன ஒரு நாளில்தான் அமலியின் அப்பா கடலோடு போனார். தூத்துக்குடிக் கடற்கரையில் அவளைக் கண்டால், "நம்ம புள்ள செஞ்சதுல்லா" என்பார்கள். அதைக் கேட்பது அவளுக்கு இன்னும் அலுக்கவில்லை.

அன்று மதியம் தம்பி இன்னாசி படகிலிருந்து கூப்பிட்டான். தென்கரையின் எழுநூறு படகுகளில் செயற்கைக்கோள் பேசி இருந்த ஏழெட்டில் அவனுடையதும் ஒன்று.

"யக்கா, ரேடியோவுல கடல் அமைதின்னு சொல்லுது. இங்க வடக்க கருத்துக் கெடக்கு. அலை ஆளுசரத்துக்கு எழும்புது."

"நீ திரும்பிரு. நான் கேட்டுச் சொல்லுதேன்."

அமலி நேரே ஒலிபரப்பு நிலையத்துக்கு ஓடினாள். பொறியாளர் நயினார் ஒரு தாளை நீட்டினார்.

"புயல் எச்சரிக்கையை நேத்தே போட்டாச்சே மேடம். மணிக்கு ஒருதரம் போகுது."

அவர் மேசையில் இருந்த அலைவாங்கி அதே நேரத்தில், "கடல் அமைதியாகக் காணப்படும்" என்று இனிமையாக வாசித்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இதுலதான கேட்டுப் பார்ப்பீங்க?"

"சத்தம் வருதான்னு பார்ப்போம் மேடம். வார்த்தையைக் கவனிக்கிறது இல்ல."

வெளியே போய்ப் பார்த்தார்கள். கோபுரத்துக்குப் போகும் கம்பியை மண் அள்ளும் இயந்திரம் வெட்டியிருந்தது. இரண்டு நாளாக எந்த ஒலியும் ஏறாத வெற்றலைதான் காற்றில் போய்க்கொண்டிருந்தது. பிழைதீர்ப்பான்கள் அந்த வெறுமையையும் ஒரு பிழையாக எண்ணி, வழக்கமான செய்திகளால் நிரப்பிவிட்டன.

நயினார் ஒலிவாங்கியை நேரடியாகக் கோபுரத்தில் இணைத்தார். வலுவில்லாத தற்காலிக இணைப்பு. அமலி எச்சரிக்கையை வாசித்தாள். மேசை அலைவாங்கி அவள் குரலிலேயே, "கடல் அமைதி" என்றது. பாதி தொலைந்த அந்த எச்சரிக்கை, அதற்கு வழக்கத்துக்கு மாறான ஒரு பிழை.

பிழைதீர்ப்பானைத் தூங்க வைக்கும் குறிச்சொல் ஒன்றை அமலியே உள்ளே வைத்திருந்தாள். ஆனால் இந்த மெலிந்த அலையில் அது முழுதாகப் போய்ச் சேராது.

"திரும்பத் திரும்ப அனுப்புவோம்," என்றாள். "பிழைதிருத்தத்துல இதவிடப் பழைய வழி கெடையாது."

குறிச்சொல்லையும் எச்சரிக்கையையும் மாறி மாறி ஆயிரம் முறை அனுப்பினார்கள். திடீரென்று மேசை அலைவாங்கி கரகரவென்று இரைந்தது. பத்து வருடத்துக்குப் பிறகு கேட்ட இரைச்சல். அதற்கு நடுவே அவள் குரல் உடைந்து உடைந்து வந்தது: "...யல்... கரை திரும்... புயல்..."

கடலில் அந்த இரைச்சலைக் கேட்டவர்கள் முதலில் திடுக்கிட்டார்கள். பிறகு காதைத் தீட்டிக் கேட்டார்கள். பிறகு வலையை அறுத்துவிட்டுத் திரும்பினார்கள். சாயங்காலத்துக்குள் எழுநூறு படகுகளும் கரையேறின. அதற்குப் பிறகுதான் புயல் வந்தது.

அமலி பிழைதீர்ப்பானை மாற்றி அமைத்தாள். மீட்க முடிந்ததை மட்டும் அது மீட்கும். தெரியாத இடத்தில் இரைச்சலை அப்படியே விட்டுவிடும்.

ஒரு மாதம் கழித்து இன்னாசி சங்கடத்தோடு ஒரு மனுவைக் கொண்டுவந்தான்.

"யக்கா, கரகரன்னு கேக்க முடியலையாம். பழசையே திருப்பித் தரணும்னு கேக்காவ. நானும் போட்டுருக்கேன் கையெழுத்து."

"தர மாட்டேன்ல," என்று அதை வாங்கிக்கொண்டாள்.

அவன் போனபின் ஒவ்வொரு பெயராக விரலால் தொட்டுப் படித்தாள். படகுக்கு ஒருவராக எழுநூறு கையெழுத்துகள். ஒன்றுகூடக் குறையவில்லை. வாங்கிய எந்தப் பட்டயத்தையும் அவள் அவ்வளவு பெருமையோடு படித்ததில்லை.