அசெகோன் கடித்த வேர்

துர்கானா வறள்நிலத்தின் உச்சி வெயிலில் அந்த முள்கத்தரிப் புதரடிக்குப் போய்ச் சேர்ந்தேன். வறண்ட ஆற்றோரத்தில் அது ஒன்றுதான் பச்சையாக நின்றது. அதன் மஞ்சள் காய் ஆட்டையே சாய்த்துவிடும் விஷம். ஆனால் வேரை மென்று சாற்றைத் துப்பினால் பல்வலி நிற்கும்; விழுங்கினால் சாவுதான். என் புருஷன் லொபெயோக்குக்கு மூன்று நாளாகத் தாடை வீங்கி உயிர் போகிற வலி.

ஊருக்கே மருந்து கொடுத்தவள் அசெகோன். எங்கள் ஆடுகள் நோயில் செத்தபோது, அவள்தான் இந்தக் காயைத் தின்னக் கொடுத்தாள் என்றான் லொபெயோக். தடியால் அவளுடைய மேல்பற்கள் இரண்டை உடைத்து, இதே புதரில் கட்டிப்போட்டான். தண்ணீர் கொடுப்பவருக்கும் இதே கதிதான் என்றான். இரண்டு நாள் "தண்ணி, தண்ணி" என்று கிடந்து செத்தாள். நான் நிறைகுடத்தோடு அந்த வழியேதான் நடந்தேன். கொடுக்கவில்லை. பாவி நான்.

மருந்து தருபவர் முதலில் கடித்துக் காட்டிவிட்டுத்தான் தர வேண்டும். அது எங்கள் வழக்கம். வேரைத் தோண்டி வாயருகே கொண்டுபோனேன்.

அதில் ஏற்கெனவே ஒரு கடி இருந்தது.

ஈரமாக. மேல்பல் இரண்டு இல்லாத இடைவெளியோடு.

வேரும் கையுமாக வீட்டுக்கு ஓடினேன்.

"அசெகோன் கடிச்சிருக்கா. வேணாம்யா."

"செத்தவ வந்து கடிப்பாளாக்கும்? நீயே கடிச்சிட்டு என்னைப் பயங்காட்டுறியா? கொண்டாடி இங்க."

பிடுங்கி மென்றான். முகம் தெளிந்தது.

"பாத்தியா, வலி போயே போச்சு."

"சரி, துப்பு."

அவன் துப்பவில்லை. வாய் இறுக மூடிக்கொண்டது. ஒரு கன்னத்தில் நான்கு பள்ளங்கள், மறு கன்னத்தில் ஒன்று. யாரோ உள்ளங்கையால் பொத்தி அழுத்துகிறார்கள்.

"துப்புய்யா."

நெம்பிப் பார்த்தேன். அசையவில்லை.

தொண்டை ஏறி இறங்கியது. விழுங்கிவிட்டான்.

பிறகுதான் வாய் திறந்தது. "தண்ணி," என்றான்.

தண்ணீர் குடித்து வாந்தியெடுத்தால் பிழைப்பான். சுரைக்குடுவையைத் தூக்கினேன். காதோரம் காய்ந்த மூச்சு பட்டது.

"எனக்குக் குடுத்தியா?"

கை அப்படியே நின்றுவிட்டது. அவன் கால்கள் உதைத்து ஓயும்வரை நின்றேன்.

இப்போது தனியாகத்தான் இருக்கிறேன். நான் தண்ணீர் குடித்து முடித்துக் குடுவையை வைத்த பிறகும், என் பக்கத்தில் மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் நிற்பதில்லை.