கோரைத் தீவு மணியும் மூன்று மூடி ஆயிலும்

கோரைத் தீவுக்குப் படகைத் தள்ளுகிற விடியலில் இஞ்ஞாசி ஒரு காரியம் செய்தான். அதை யாரும் பார்க்கவில்லை. ஐந்து லிட்டர் பெட்ரோலில் ஒரு மூடி ஆயில் கலக்க வேண்டிய இடத்தில் மூன்று மூடி ஊற்றினான்.

காரணம் திபூர்சியான், அவன் பெண்டாட்டியின் அண்ணன். அந்த ஆளின் எஞ்சின் ஒரே இழுப்பில் கிளம்பிவிடும். இஞ்ஞாசியின் எஞ்சினுக்கு ஒன்பது இழுப்பு, நாலு கெட்ட வார்த்தை. ஸ்டெல்லா வேறு, "எங்கண்ணன் எஞ்சின் மாதிரி வருமா" என்று சோற்றோடு அதையும் பரிமாறுவாள். மச்சான் தினம் சாயங்காலம் எஞ்சினை நல்ல தண்ணீரில் கழுவுவதையும், பிளக்கைக் கழற்றித் தேய்ப்பதையும், ஆயில் கலப்பதையும் இஞ்ஞாசி வேலி இடுக்கு வழியாகப் பார்த்து வயிறெரிந்ததுதான் மிச்சம். மூடியின் கணக்கு மட்டும் அங்கிருந்து தெரியவில்லை. ஆயில் கூடினால் பலம் கூடும் என்று அவனாக முடிவு கட்டிக்கொண்டான்.

நாற்பது வருடத்துக்கு முன் தோணி கவிழ்ந்து கடலில் போன கோயில் மணி, கோரைத் தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போன ஸ்டெல்லாவின் காலில் இடறியிருந்தது. அதைக் கொண்டுவருகிற படகுக்காரனுக்குத் திருவிழாச் சப்பரத்தின் முன்கொம்பைச் சுமக்கிற உரிமை என்று ஊர்க் கமிட்டி சொல்லிவிட்டது. ஏழு வருடமாக அந்தக் கொம்பு திபூர்சியான் தோளில்தான். அதனால்தான் தன் படகு, தன் எஞ்சின் என்று இஞ்ஞாசி ஒற்றைக் காலில் நின்றான். இடம் காட்ட ஸ்டெல்லாவையும், கயிறு இழுக்கிற கையாளாக மச்சானையும் ஏற்றிக்கொண்டான்.

தீவை எட்டும்போதே எஞ்சின் வெள்ளைப் புகை கக்கியது. மாப்ள எஞ்சின் சுருட்டு பிடிக்கிறதா என்று மச்சான் கேட்டு வைத்தார். இஞ்ஞாசி எஞ்சினை இன்னும் முடுக்கினான்.

ஸ்டெல்லா மூன்று முறை மூழ்கினாள். மூன்றாவது முழுக்கில் மணியின் காதில் கயிறு கட்டிவிட்டாள். ஆண்கள் இருவரும் இழுத்தார்கள். கடைசி இழுப்பில் பவளப் பாறை திபூர்சியானின் உள்ளங்கையைக் கிழித்தது. ஆனாலும் பாசி படிந்த மணி படகுக்குள் வந்துவிட்டது!

நீரோட்டமும் மாறிவிட்டது. இஞ்ஞாசி எஞ்சின் கயிற்றை இழுத்தான். இருமல். இன்னொரு இழுப்பு. அதுவும் இல்லை. மணியின் கனத்தில் தாழ்ந்த படகு பாறைத் திட்டை நோக்கி நழுவியது.

"மணியத் தள்ளிட்டா படகு லேசாகும், துடுப்பப் போட்டுத் தப்பிரலாம்" என்றார் திபூர்சியான், கிழிந்த கையைத் துண்டால் சுற்றிக்கொண்டே.

இஞ்ஞாசி எஞ்சின் மூடியைக் கழற்றினான். வயரைப் பிடுங்கிப் பிளக்கைத் திருகி எடுத்தான். கரியும் எண்ணெயுமாக வழிந்தது; ஆயில் கூடிப்போனது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பெட்ரோலில் நனைத்துத் தேய்த்து, முனையைச் சுரண்டி, வாயால் ஊதினான். பிளக் இல்லாமலே கயிற்றை ஏழெட்டு முறை இழுத்து உள்ளே தேங்கியதை வெளியேற்றினான். கார்பரேட்டரை வடித்தான். மிச்சமிருந்த ரெண்டு லிட்டர் கலவையில் உபரி கேனிலிருந்த, ஆயில் சேராத நாலு லிட்டர் பெட்ரோலை ஊற்றினான். பிளக்கைத் திரும்பத் திருகி மாட்டினான்.

"இதெல்லாம் எங்க படிச்ச மாப்ள?" என்றார் மச்சான்.

"வேலி இடுக்குலதான்" என்றாள் ஸ்டெல்லா. "தெனமும் சாயங்காலம் கிளாஸுக்குப் போவாரு."

பாறை ஆறடி தூரத்தில் பல்லைக் காட்டியது. முதல் இழுப்பு, ஒன்றுமில்லை. இரண்டாவதில் உறுமியது. இஞ்ஞாசி சுக்கானை வளைத்தான். படகு பாறையை உரசாமல் விலகியது.

கரையில் ஊரே நின்றது. படகும் எஞ்சினும் இஞ்ஞாசியுடையது, கொம்பும் அவனுக்கே என்று கமிட்டித் தலைவர் கையைத் தூக்கினார். மச்சானும் தலையாட்டிவிட்டார். இஞ்ஞாசி வாயை மூடிக்கொண்டிருந்தால் காரியம் முடிந்தது.

"ஆயில மூணு மூடி ஊத்தி எஞ்சினக் கெடுத்தவன் நான்தான்" என்றான் இஞ்ஞாசி. "மச்சான் செஞ்சதப் பாத்து வச்சிருந்ததால உசிரோட வந்தோம். முன்கொம்பு அவருக்கு. இந்த வருசம் நான் பின்னால புடிக்கிறேன்."

திருவிழா அன்று சப்பரம் எழும்பியபோது திபூர்சியானின் கட்டுப் போட்ட கையைப் பார்த்து ஊர் உச்சுக்கொட்டியது. பின்னாலிருந்த இஞ்ஞாசிக்கு அதிலும் வயிறெரிந்தது, பொய் எதற்கு. ஆனால் ஒன்று கற்றுக்கொண்டான்: பொறாமைப்பட்டுப் பார்ப்பதென்றால் அளவு வரைக்கும் பார்க்க வேண்டும், தெரியாவிட்டால் வாய்விட்டுக் கேட்டுவிட வேண்டும்.