ஒரு இறகும் உதிராமல்

உலக நாய் வரலாற்றையே திருத்தி எழுதப்போகும் தம் நூல் நிறைவுபெற்றது என்று வடகடல் தீவொன்றிலுள்ள மோஸ்டாட் ஊர்ப் பள்ளி ஆசிரியர் எலிசேயுஸ், ஞாயிறு ஜெபம் முடிந்த கையோடு நாற்காலி மேல் ஏறி நின்று அறிவித்தார். கேட்டவர்கள் பதினொரு பேர். அதில் இருவர் தூங்கிவிட்டார்கள்.

லுண்டே நாய், பாறைப் பொந்துகளில் அடையும் பஃபின் பறவைகளைப் பிடிப்பதற்கென்றே பிறந்த இனம். காலுக்கு ஆறு விரல், முதுகைத் தொடுமளவு வளையும் கழுத்து, மண் புகாமல் மடித்து மூடிக்கொள்ளும் காது. நாய்க்காய்ச்சல் வந்து போனபின் தீவில் மிஞ்சியது அவருடைய திப்பா ஒன்றுதான். மூன்றாம் அத்தியாயத்தை அவர் இரண்டு தடவை வாசித்தார்: "இந்நாய் பறவையைக் கொல்லாது. ஒரு இறகும் உதிராமல் கவ்வி, உயிருடன் எஜமானிடம் சேர்ப்பிக்கும். எந்தப் பொந்துக்கும் அஞ்சாது."

மறுநாள் பிற்பகல் திப்பா ஒரு பொந்துக்கு அஞ்சியது.

வாசலில் மோந்து பார்த்தது. வாலைக் கால்களுக்கிடையே செருகிக்கொண்டு பின்வாங்கியது. எலிசேயுஸ் வழக்கமான சீழ்க்கையை அடித்தார். சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று. திப்பா அசையவில்லை.

பக்கத்துப் பாறையில் வலை விரித்துக்கொண்டிருந்த ஓலுஃபினே சிரித்தாள். "என்ன வாத்தியாரே, அது உங்க புஸ்தகத்தப் படிக்கலையா?"

"காத்து சரியில்ல. அதான்."

"அப்ப நீங்களே உள்ள போய் ஒரு பறவையைக் கவ்விட்டு வாங்க. நான் கால இழுத்து விடறேன்."

உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்துவிட்டால் போதும், அத்தியாயம் பிழைத்துவிடும் என்று அவருக்குத் தோன்றியது. கோட்டைக் கழற்றினார். தலையை நுழைத்தார்.

முதல் இரண்டு முழம் சுலபமாகத்தான் இருந்தது. எச்சமும் மீன் செதிலும் ஈர மண்ணும் கலந்த வாடை மூக்கை அடைக்க, வெளியே அலையடிக்கும் சத்தம் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் மழுங்கி மழுங்கித் தேய, வலது கையை முன்னால் நீட்டி, இடது கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, புழு மாதிரி ஊர்ந்து போனார். பஃபின் குஞ்சுகளின் முனகல் எங்கும் கேட்கவில்லை. கூடுகள் இருந்தன. எல்லாம் காலி. ஒரு இறகு கூட உதிர்ந்து கிடக்கவில்லை.

மூன்றாவது முழத்தில் தோள் சிக்கியது.

மூச்சை இழுத்தால் நெஞ்சு பாறையில் முட்டியது. விட்டால் இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கினார். பின்னால் நகர முடியவில்லை. திப்பாவுக்கிருந்த கழுத்து அவருக்கில்லை.

"ஓலுஃபினே! இழுங்க!"

பூட்ஸைப் பிடித்து அவள் இழுப்பது தெரிந்தது. தோள் அசையவில்லை.

அப்போது இருட்டில், எதிரே, கால்கள் நடக்கும் சத்தம். பாறையில் அகலமாகப் பதியும் பாதம். நிறைய விரல்கள். பிறகு ஈரத்தோலை மடிப்பதுபோல் மெல்லிய ஓசை. காது மூடும் ஓசை. அவருக்குப் பழக்கமான ஓசை. வேறு வழியாக நுழைந்து வந்துவிட்டாளே என் கண்மணி!

"ஓலுஃபினே, திப்பா உள்ள வந்துட்டா! பாத்தீங்களா, பயமாவது ஒண்ணாவது!"

"திப்பாவா? இங்க என் பாவாடைக்குள்ள ஒளிஞ்சு நடுங்கிட்டிருக்கு வாத்தியாரே."



சூடான மூச்சு எலிசேயுஸின் விரல்நுனியில் பட்டது. மோந்து பார்த்தது. கையை இழுத்துக்கொள்ள இடமில்லை.

மணிக்கட்டை ஒரு வாய் கவ்வியது.

பல் பதியவில்லை.

மலையின் வெகு ஆழத்திலிருந்து ஒரு சீழ்க்கை வந்தது. சின்னதாக இரண்டு. நீளமாக ஒன்று.

அது இழுத்தது. உள்பக்கமாக. பறவையைத் திருப்புவதுபோல் கையை லேசாகத் திருப்பி இழுத்தது. தோள் விடுபட்டது. ஓலுஃபினே அலறினாள். ஒரு பூட்ஸ் கழன்றது. இன்னொன்றும். வெறுங்காலில் குளிர்ந்த காற்று. பிறகு காற்றுமில்லை.

மறுபடியும் சீழ்க்கை. இப்போது பக்கத்தில்.

பிடி மென்மையாகத்தான் இருந்தது.